வாசல் தெளிக்காத தெரு

சோமனூர் பக்கம் எங்கள் தெருவுக்கு ரோடு போடும் காண்ட்ராக்டை நானே எடுத்தேன். எடுத்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தாருக்கு அடியில் போடுகிற ஜல்லிக்குப் பதிலாக, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் தோண்டி மலையாய்க் குவித்துப்போட்டிருந்த கழிவைப் போடலாம் என்று ஆபீஸில் வாயடித்துச் சம்மதம் வாங்கியிருந்தேன். "குப்பையக் கொண்டாந்து கொட்டறாளாமா!" என்று தெருவில் பேச்சு. நேரில் கேட்டால் மட்டும், "நல்லாத்தானுங்க இருக்குது."

கழிவைப் பரப்பி, ரோலர் ஓட்டி, காயவிட்டிருந்தோம். தார் போடும் முன் இன்ஜினியர் வந்து பார்க்க வேண்டும். அதற்குள் அங்கங்கே மிதித்தால் பொதபொதவென்று அமுங்கியது. அவர் கண்ணில் பட்டால் மொத்தத்தையும் பெயர்த்தெடுக்கச் சொல்வார். அப்புறம் சுரங்கக் கழிவையும் நம்பமாட்டார்கள், என்னையும் நம்பமாட்டார்கள்.

விடிந்தும் விடியாததுமாக எழுந்துபோய் ஒவ்வொரு இடமாக மிதித்துப் பார்த்தேன். பூட்டிக் கிடந்த வீட்டு முன்னால் மட்டும் கெட்டியாக இருந்தது. எங்கள் தெருவில் படி இறங்கினாலே ரோடுதான். திரும்பினால், எங்கள் வீட்டுப் படியிலிருந்து மாமியார் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ அத்தை, என்னங்க பண்றீங்க!" கத்தியே விட்டேன்.

"வாசல் தெளிக்கறேன் அம்மணி. உன்ற ரோட்டுல தூசி பறக்குதுன்னு ஊரே பேசுது. அதான் ரெண்டு கொடம் சேத்தி ஊத்தறேன்."

தெரு முழுக்க வீட்டுக்கு வீடு அதே குடம், அதே தண்ணீர். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நல்லவேளை, வெயில் அடித்தது. ஈரமான இடங்களைக் கொத்திக் காயவைத்து மறுபடி ரோலர் ஓட்டினோம். இன்ஜினியர் வந்துபோகும் வரைக்கும் தண்ணீர் தெளிக்காதீர்கள் என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை, முகம்தான் சுண்டிப்போயிற்று. தெளிக்காத வாசல் என்றால் எழவு விழுந்த வீடு. மாமியார் விருட்டென்று உள்ளே போய்விட்டார்.

இன்ஜினியர் வரும் நாள் காலையில் கதவைத் திறக்கவே எனக்குக் கை வரவில்லை. திறந்தேன். தெருக்கோடி வரைக்கும் காய்ந்து கிடந்தது. மாமியார் காலிக் குடத்தை இடுப்பில் வைத்தபடி படியில் நின்றிருந்தார்.

"உன்ற மாமனாரு செத்த அன்னிக்குத்தான் இந்த வாசல் இப்படிக் காஞ்சு கெடந்துச்சு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "போ அம்மணி, மிதிச்சுப் பாரு."