வாள் இறங்காத கவசம்

என் தம்பிக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய். பதினொரு வயதில் நடை நின்றது. இருபத்து மூன்றில் விரல்களும் அடங்கிவிட்டன. அதுவரை அவன் ஆடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் விளையாட்டை அதன் பிறகு அவனுக்காக நான் ஆடினேன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் எனக்கு வேலை. சாயங்கால பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து இறங்கி, முகம் கழுவியதும் அவனுடைய சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காருவேன். அவன் சொல்வான், நான் பட்டனைத் தட்டுவேன்.

பழங்கால ஐரோப்பியப் போர்வீரர்களின் விளையாட்டு அது. ஒரு கட்டத்தில், தலை முதல் கால் வரை இரும்புத் தகடு மாட்டிய ஒருவன் வருவான். அவனிடம் ஒரு வாரமாகத் தோற்றோம். காரணம் நான்தான். வாள் பார்க்க அழகாக இருந்தது. அதைக் கீழே வைக்க மனசு வரவில்லை.

"அக்கா, வாள் தகட்டுல வழுக்கிரும். சுத்தியல எடு."

"ஏலே, அது பாக்கவே கொல்லம்பட்டறச் சாமான் மாதிரி இருக்கு."

"நீ நம்ப மாட்ட. அந்தக் காலி எண்ணெய் டின்ன எடுத்துட்டு வா."

டின்னுக்குள் பழைய சேலையைத் திணிக்கச் சொன்னான். முதலில் அரிவாளால் வெட்டினேன். கீறல் மட்டும் விழுந்தது, அரிவாள் நழுவிவிட்டது. பிறகு அம்மிக் குழவியை ஓங்கிப் போட்டேன். டின் அப்படியே உள்ளே அமுங்கியது. சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தாள். "ஏட்டி, அவந்தான் சொல்லுதான்னா உனக்குப் புத்தி எங்க போச்சு?" என்று கத்தினாள். தம்பி சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினான்.

"பாத்தியா, தகடு கிழியல. ஆனா அடி உள்ள போயிருச்சு. கவசம் போட்டவனுக்கும் அப்படித்தான். குட்டக் காம்பு வேண்டாம், ரொம்பப் பக்கத்துல போகணும். நீளக் காம்புல ஒரு பக்கம் சுத்தியலும் மறுபக்கம் கூர்மூக்கும் இருக்கும் பாரு, அத எடு. அவன் கீழ விழுந்த பொறவு குத்துவாள். அக்குள்ல தகடு கெடையாது, அங்க குத்து."

அன்றைக்கு ஜெயித்தோம். சந்தோஷத்தில் அவன் கண்ணில் வழிந்ததை நான்தான் துடைத்துவிட்டேன்.

அப்படி ஒன்றரை வருஷம் ஆடினோம். ஒரு சனிக்கிழமை, மில்லில் சரக்கு எண்ணும் வேலை முடிந்து தலைவலியோடு வந்தேன்.

"அக்கா, ஒரே ஒரு ஆட்டம். செத்த நேரந்தான்."

"இன்னைக்கு விட்டுருப்பா. நாளைக்கு ஆடுவோம்."

"சரிக்கா" என்றான். அவன் எப்போதுமே அடம்பிடித்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் மூச்சுத் திணறல். மதுரைக்குக் கொண்டுபோனோம். முகத்தில் மாஸ்க் இருந்ததால் பேச முடியவில்லை. நான்கு நாள் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தான். ஐந்தாம் நாள் காலையில் போய்விட்டான்.

அந்தக் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவைத்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா அந்தத் துணியை எடுத்து மடித்துக்கொண்டே கேட்டாள்:

"அவன் என்னதான் ஆடுனான்னு ஒரு நாக்கூட நான் உக்காந்து பாத்ததில்ல. போடேன், பாக்கேன்."

போட்டேன். அவன் வரிசைப்படுத்தி வைத்திருந்த ஆயுதங்கள் திரையில் வந்தன. ஒவ்வொன்றும் எதற்கு என்று அம்மா கேட்டாள். இரும்பு வளையம் கோத்துப் பின்னிய சங்கிலிச் சட்டைக்காரனுக்கு எது, தகடு போட்டவனுக்கு எது, வாளை எப்போது எடுக்கலாம், எப்போது கூடாது என்று அவன் சொன்னதையெல்லாம் சொன்னேன். குரல் உடைந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி சொன்னேன்.

"எம்புட்டுப் படிச்சிருக்கான்" என்றாள் கடைசியில். "நான் சும்மா பொழுதப் போக்குதான்னு நெனச்சிட்டேனே."

முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.