அடுத்தவள் டப்பா

மூன்றாம் மாதத்தில் லீலாவுக்குச் சோறு பிடிக்காமல் போயிற்று. அரிசி உலையில் கொதிக்கிற வாசனை வந்தாலே வயிற்றைப் புரட்டியது. டீ மருந்து போலிருந்தது. ஒன்றும் தின்னாத நேரத்திலும் துருப்பிடித்த ஆணியை வாயில் அடக்கிக்கொண்டிருப்பது போல ஒரு ருசி. மராட்டிய மண்ணில், கிர்க்கியில் அவர்கள் குடியிருந்த வீட்டில் அடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரு பழைய சேலைதான் தடுப்பு. வாசனைக்குத் தப்பி ஓட இடமில்லை.

அது 1979. கணவன் பரமசிவம் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். லீலா பிம்ப்ரியில் ஒரு மருந்துக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் டெம்பரரியாக இருந்தாள். முதல் கர்ப்பம் பாதியிலேயே கலைந்துவிட்டதால், "அஞ்சு மாசம் ஆவட்டும். அதுக்கு முன்ன வெளில மூச்சு வுடாத" என்று மாமியார் பார்வதி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். லீலாவுக்கும் சொல்லப் பயம்தான். பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்தால் டெம்பரரி ஆட்களை நிறுத்திவிடுவார்கள் என்று கம்பெனியில் பேச்சு இருந்தது.

பார்வதி தினமும் விடியலில் எழுந்து எலுமிச்சம்பழச் சோறோ தயிர்ச் சோறோ கட்டிக்கொடுப்பாள். லீலா அதைக் கம்பெனியின் பின்பக்க வேலியோரம் நாய்களுக்குக் கொட்டிவிட்டு, கழுவிய டப்பாவோடு வீடு திரும்புவாள்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் அத்தே."

காலி டப்பாவைப் பார்த்த சந்தோஷத்தில் மாமியார் மறுநாள் இன்னொரு கரண்டி சேர்த்து வைப்பாள். அது லீலாவை இன்னும் கூனிக்குறுக வைத்தது.

பேக்கிங்கில் அவள் பக்கத்தில் உட்காருகிறவள் சுமன்தாயி என்ற மராட்டிக்காரி. லீலாவைவிட மூத்தவள். மதியம் அவள் துணி முடிச்சை அவிழ்ப்பாள். உள்ளே இரண்டு பாக்ரி, அதாவது கையால் தட்டிய கம்பு ரொட்டி. கூடவே பச்சை மிளகாயும் பூண்டும் வறுத்த வேர்க்கடலையும் வைத்து இடித்த டேச்சா. ஒருநாள் அந்தக் காரமும் பூண்டும் கலந்த வாசனை லீலாவின் மூக்கில் ஏறியதும், எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் வாயில் எச்சில் ஊறியது.

கேட்டிருக்கலாம். ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுமன்தாயி ஒரு துண்டு பிட்டு நீட்டியபோது, "இது இன்னா, சாணி வறட்டி மாதிரி? எங்க வீட்ல இதெல்லாம் தொட மாட்டோம்" என்று எல்லார் முன்னாலும் இந்தியில் சொல்லிச் சிரித்தவள் அவள். அதற்குப் பிறகு சுமன்தாயி அவளிடம் எதையும் நீட்டியதில்லை. இப்போது எந்த வாயால் கேட்பது?

வீட்டில் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். "அத்தே, கம்புல அடை தட்டலாமா?"

"கம்பா? அதத் தின்னு வெறுத்துப்போய்தான் குடியாத்தத்த வுட்டு இங்க வந்தோம். என் மருமவளுக்கு அரிசிச் சோறு போட எனக்கு வக்கில்லியா இன்னா?" என்றாள் பார்வதி. லீலா மறுபடி கேட்கவில்லை.

பிறகு ஒருநாள், வேலைக்கு நடுவே பாத்ரூம் போகிறேன் என்று எழுந்துபோனவள் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தாள். யாரும் இல்லை. அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. மோந்து பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் சுமன்தாயியின் துணி முடிச்சை அவிழ்த்தாள். அடுத்த நிமிடம் சுவரைப் பார்த்து நின்றபடி ரொட்டியைப் பிட்டுப் பிட்டு டேச்சாவில் தோய்த்து விழுங்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வடிந்தது. வாயிலிருந்த துரு ருசி போயிற்று. முடிச்சைப் பழையபடி போட்டுவிட்டு வந்து லேபிள் ஒட்ட உட்கார்ந்தாள்.

"எம் மருமவ இன்னிக்கு ஒரு ரொட்டிதான் வச்சிருக்கா" என்று சுமன்தாயி மதியம் சிரித்தாள். மறுநாளும் ஒன்றுதான் இருந்தது. அப்புறம் ஒருநாள் பசியில் லீலா இரண்டையும் தின்றுவிட்டாள். அன்றைக்குச் சுமன்தாயி வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. நேரே சூப்பர்வைசரிடம் போனாள்.

வேலை நேரத்தில் சாப்பாட்டு அறைக்குள் போகிறவள் பெருக்குகிற ஹவுசாபாய் ஒருத்திதான். அதனால் வேறு யாரையும் யாரும் யோசிக்கவில்லை. "நான் எடுக்கல. என் ரொட்டி இதோ இருக்கு, பாருங்க" என்று ஹவுசாபாய் தன் முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். ஒருத்தியும் முடிச்சைப் பார்க்கவில்லை, அவளையேதான் பார்த்தார்கள். பக்கத்துக் குழாயடியில் நின்றிருந்த லீலாவின் விரல்களில் பூண்டு வாசனை வீசியது. அவள் இன்னொருமுறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

சூப்பர்வைசர் இருதயராஜ் ஹவுசாபாயைப் பின்பக்க முற்றத்துக்கு மாற்றினார். வெயிலில் உட்கார்ந்து உடைந்த சீசாக்களைப் பொறுக்கிப் பிரிக்கிற வேலை. டப்பா அலமாரிக்குப் பூட்டு வந்தது.

அதற்கப்புறம் லீலா அநேகமாகப் பட்டினிதான். ஒரு மதியம் வழக்கம்போல வேலியோரம் சோற்றைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தபோது, எதிரே ஹவுசாபாய் சீசாக் கூடையோடு நின்றிருந்தாள். நாய்கள் தின்பதைப் பார்த்தாள். பிறகு லீலாவின் வெளிறிய முகத்தையும் முந்தானையை இழுத்துச் சொருகியிருந்த இடுப்பையும் பார்த்தாள்.

"எத்தனாவது மாசம்?" என்று கேட்டாள்.

லீலா டப்பாவை மூடிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். ஹவுசாபாய் எல்லாம் புரிந்துதான் கேட்டாளா என்பது லீலாவுக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் உள்ளே போன கால்கள் நேரே இருதயராஜின் மேசைக்கு முன்னால்தான் நின்றன.

"சார், சுமன்தாயி ரொட்டிய எடுத்தது நான்தான்."

அவர் பேனாவை மூடினார். "நீயா? ஏம்மா, வீட்ல சாப்பாடு இல்லியா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அக்கறையாகக் கேட்ட அந்தக் கேள்வியில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டில் மாமியார் விடியலில் கிளறும் சோறு கண் முன்னால் வந்தது. "இருக்குது சார். முழுவாம இருக்கேன். வேற எதுவும் உள்ள எறங்கல" என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சரிம்மா, உன் வேலைக்கு ஒண்ணும் வராம நான் பாத்துக்கறேன். ஆனா ரொட்டி விஷயத்த நான் சொன்னா போதாது. நீதான் அவங்ககிட்ட சொல்லணும்."

சொன்னாள். சாப்பாட்டு அறையில் எல்லாரும் இருக்கும்போது, நின்றுகொண்டே சொன்னாள். ஒருத்தி தன் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். சுமன்தாயிக்குக் கோபத்தில் குரல் ஏறியது. "கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

"உங்க ரொட்டிய வறட்டின்னு சொன்னவ நான். எப்பிடிக் கேப்பேன்?"

சுமன்தாயி விழித்தாள். "எப்போ சொன்ன?" அவளுக்கு அது நினைவே இல்லை. அவ்வளவு நாள் லீலாவின் வாயைக் கட்டிப்போட்டிருந்த பேச்சு.

லீலா முற்றத்துக்கும் போய் ஹவுசாபாயிடமும் சொன்னாள். இருதயராஜும் கூட வந்து, "நாளைலேருந்து நீ பழையபடி உள்ள வந்துடு" என்று ஹவுசாபாயிடம் சொன்னார்.

"வேணாம் சாப். இங்கயே இருக்கேன்" என்றாள் அவள். பிறகு லீலாவைப் பார்த்தாள். "பசிக்குத் தின்ன, அது தப்பில்ல. என்னைப் பாத்தாங்களே எல்லாரும், அப்ப நீ அங்கதான நின்ன? அந்த ரூம்ல நாளைக்கு ஒரு ஸ்பூன் காணாமப் போனாலும் என் பேருதான் வரும். உன்ன யாரும் கேக்க மாட்டாங்க."

அதோடு ஹவுசாபாய் குனிந்து சீசா பொறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஊர் பேசுவதற்கு முன்னால் தானே சொல்லிவிடவேண்டும் என்று வீட்டிலும் சொன்னாள். பரமசிவம் தலையைக் குனிந்துகொண்டான். பார்வதிக்குத்தான் பொறுக்கவில்லை. "எம் மருமவ திருடித் தின்னாளா? ஊட்ல கேக்க வாய் வரலியா உனக்கு?"

"கேட்டேன் அத்தே."

பார்வதிக்கு நினைவு வந்திருக்கவேண்டும். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் மாவு மில்லிலிருந்து கம்பு மாவு வந்தது. தட்டிய முதல் அடை விண்டுபோயிற்று, இரண்டாவது கருகிற்று. "தின்னு" என்று தட்டை நகர்த்தினாள். லீலா தின்றாள்.

சுமன்தாயியும் ஒரு ரொட்டி கூடுதலாகக் கொண்டுவர ஆரம்பித்தாள். "டோஹாளே வந்தா இப்பிடித்தான்" என்பாள். பிள்ளைத்தாய்ச்சியின் ஆசைக்கு மராட்டியில் அப்படிப் பெயர். அவள் அன்பாகத்தான் கொடுத்தாள். லீலாவுக்கோ ஒவ்வொரு வாய் தின்னும்போதும் எல்லார் கண்ணும் தன் கையிலேயே இருப்பது போலிருந்தது. ஆனாலும் மிச்சம் வைத்ததில்லை.

பெண் குழந்தை பிறந்தது. சில மாதம் கழித்து லீலா மறுபடி வேலைக்குப் போனபோது அவள் வாய் பழையபடி ஆகியிருந்தது. சோறு இறங்கியது. கம்பின் மேல் தனி ஆசை எதுவும் மிச்சமில்லை. ஹவுசாபாய் இன்னும் முற்றத்தில்தான் இருந்தாள். ஷிப்ட் முடிந்து போகும்போது தினமும் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும். லீலா தலையைக் குனிந்தபடி போவாள்.

ஒருநாள் ஹவுசாபாய் வேலையிலிருந்து நிமிராமலே கேட்டாள். "என்ன குழந்தை?"

"பொண்ணு."

"நல்லா பால் குடிக்குறாளா?"

"குடிக்குறா."

ஹவுசாபாய் தலையை ஆட்டினாள். அடுத்த சீசாவை எடுத்துக் கூடையில் போட்டாள். லீலா ஸ்டேஷன்வரை நடந்தாள். லோக்கல் ரயிலில் இடம் கிடைத்தும், முற்றத்து வெயிலை நினைத்து உட்காரத் தோன்றாமல், கிர்க்கி வரும்வரை கதவோரம் நின்றுகொண்டே வந்தாள்.