செருப்பை எண்ணிய ஞாயிற்றுக்கிழமை

காலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டுப் பக்கத்துப் புக்கிட் பாஞ்சாங் நிலையத்தில் ரயில் ஏறினோம், நானும் என் மகள் வாசுகியும். வாசுகிக்கு முப்பத்தெட்டு வயது. விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. வாரத்தில் மூன்று மாலை கல்லூரிக்குப் போய்ப் புவியியல் படிக்கிறாள். மலை, கடல், காற்று பாதிப் பாடம். மனிதர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், எந்தத் தெருவில் நடக்கிறார்கள் என்பது மீதிப் பாடம்.

அன்றைக்குக் களப்பணி. இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை, கூட்டாளிப் பெண்ணுக்குக் காய்ச்சல். அறிக்கையை அன்றே அனுப்பியாக வேண்டும். போன தடவை வாசுகி இந்தப் பாடத்தில்தான் தவறினாள். "இந்த வாட்டியும் போச்சுன்னா படிப்பை விட்டுடுவேம்மா" என்று சொல்லியிருந்தாள். அதனால் கூட்டாளியாக நான் கிளம்பினேன். மூன்றாம் வகுப்போடு நின்ற நான் எழுபத்திரண்டாம் வயதில் கல்லூரி வேலைக்குப் போனேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

தெம்பனிஸில் இறங்கி இருபத்தொன்பதாம் எண் பேருந்தில் சாங்கிக் கடற்கரைக்குப் போய்ச் சேரும்போது எட்டரை. மணலில் பத்து மீட்டர் அளந்து இரண்டு குச்சி நட்டாள். பிறகு ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கடலில் எறிந்தாள்.

"சாப்பிடுற பழத்தை ஏண்டி எறியுற?"

"அலை எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பார்க்கணும்மா. ஆரஞ்சு மிதக்கும், தூரத்துலேர்ந்தும் தெரியும்."

பழம் கரையோரமாகவே கிழக்கே நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன். இரண்டாவது குச்சியைத் தொட ஏழு நிமிடம். கடல் இவ்வளவு நிதானமாக நடக்கும் என்று எனக்குத் தெரியாது, என் நடைக்குச் சரியாக இருந்தது. பழத்தை மீட்டு, கழுவி, உரித்துத் தின்றோம். கொஞ்சம் உப்பு.

மாலை நான்கு மணிக்கு தேக்கா சந்தை. சந்தையை ஒட்டிய பஃபலோ ரோட்டில் ஒரு முனையில் வாசுகி, மறுமுனையில் பூக்கடைக்குப் பக்கத்தில் நான், கடைக்காரர் கொடுத்த ஸ்டூலில். நான்கு, ஐந்து, ஆறு மணிக்குத் தலா கால் மணி நேரம், கடந்து போகிறவர்களை எண்ண வேண்டும். எனக்காகத் தாளில் ஆண், பெண், குழந்தை என்று மூன்று படம் வரைந்திருந்தாள். படத்துக்குக் கீழே கோடு போட வேண்டியது என் வேலை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். துவாஸ் தொழிலாளர் விடுதியிலிருந்து வந்திருந்த ஒருவர் குனிந்து பார்த்து, "அம்மா, நான் ரெண்டு தடவை போயிட்டேன், ரெண்டு கோடு போட்டீங்களா?" என்றார். "மூணாவது தடவை வந்தா அழிச்சிடுவேன்" என்றேன்.

நான்கே காலுக்கு வாசுகி வந்து தாளை வாங்கினாள். முகம் மாறியது.

"குழந்தைக் கட்டத்துல ஒண்ணுகூட இல்லையே? என் பக்கம் எத்தனை ஓடுச்சு!"

"இங்கயும் ஓடுச்சு. எண்ணலை."

"ஏன்?"

"பிள்ளைங்களை யாராச்சும் எண்ணுவாங்களா? கண்ணு படாது?"

எனக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டாலே பெயர்களைத்தான் சொல்வேன், எண்ணிக்கை சொல்ல மாட்டேன். பெரியவர்களை எண்ணலாம், அவர்கள் தங்களைப் பார்த்துக்கொள்வார்கள். வாசுகிக்கு இது தெரியும். தெரிந்தும் மறந்துவிட்டாள்.

அவள் திட்டவில்லை. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "பாதிக் கணக்கைக் கொடுத்தா எப்படிம்மா பாஸ் போடுவாங்க? முடிஞ்சது லா."

அந்தக் குரல் என்னைக் குத்தியது. ஆனாலும் பிள்ளைகளுக்குக் கோடு போடக் கை வரவில்லை.

பூக்கடைக்காரர் சரத்தைக் கட்டிக்கொண்டே சிரித்தார். "அக்கா, காலையிலேர்ந்து குனிஞ்சு பூக் கட்டுறேன். யார் மூஞ்சியும் எனக்குத் தெரியாது. செருப்பைத்தான் பார்க்குறேன்."

நான் நிமிர்ந்தேன். "வாசுகி, செருப்பை எண்ணுறேன். சின்னச் செருப்பு. நீ ரெண்டால வகுத்துக்க. செருப்புக்கு யார் கண்ணு பட்டா என்ன?"

வாசுகி என்னையே பார்த்தாள். "எப்படி எண்ணினோம்னு அறிக்கையில எழுதிட்டா தப்பில்லை" என்று எழுந்தாள். "நாலு மணிக் கணக்குக்குப் பதிலா ஏழு மணிக்கு எண்ணலாம்."

ஐந்து, ஆறு, ஏழு. தரையைப் பார்த்தே உட்கார்ந்திருந்தேன். பட்டன் வைத்தது, விளக்கு எரிவது, பீப்பீ என்று கத்துவது, அக்காவுடையதாக இருந்து தங்கைக்கு வந்த பெரிய செருப்பு. நடுவில் ஒரு வெள்ளி அறுபது காசுக்குத் தேநீர்.

ஏழே காலுக்கு வாசுகி கூட்டினாள். "நூத்திப் பதினேழா? ஒத்தைப்படையில எப்படிம்மா வரும்?"

"ஒண்ணு அப்பா தோள்ல போச்சு. ஒரு கால்லதான் செருப்பு இருந்துச்சு. இல்லாததுக்கு எப்படிக் கோடு போடுவேன்?"

அன்று முதல் தடவையாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஐம்பத்தொன்பது என்று எழுதினாள். அந்த எண்ணைப் பார்க்காமல் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில் அரைமணிப் பயணம். வாசுகி மடியில் கணினியை வைத்துத் தட்டினாள். பாதி வழியில் விரல் நின்றது.

"கைக்குழந்தைங்க? வெறுங்காலோட இருந்திருக்குமே. எத்தனை பார்த்த?"

அவள் படிப்பு என் வாயில் இருந்தது. பொய்யும் வரவில்லை, எண்ணும் வரவில்லை.

"இருந்தாங்க" என்றேன்.

அவள் ஒரு வரி எழுதினாள். படிக்கச் சொன்னேன். "கைக்குழந்தைகளும் இருந்தார்கள். அவர்கள் எண்ணப்படவில்லை." இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

புக்கிட் பாஞ்சாங்கில் கதவு திறந்தது. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வாசுகி நின்று பார்த்தாள். அவள் உதடு அசைகிறதா என்று நான் பார்த்தேன். அசையவில்லை.