பெல்லாமி துரையின் அந்திப் பெரட்டு

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதற்கும் கூச்சம் கிடையாது. செத்தவன் தலைமாட்டில் நின்று பல்லைக் காட்டிப் படம் பிடிக்கிறார்கள். கல்லறைமேல் உட்கார்ந்து சிப்ஸ் தின்கிறார்கள். பேய் என்று சொன்னால் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு வருகிறார்கள். நான் கதை விடுகிறவன் இல்லை. படித்தது மூன்றாம் வகுப்பு. பேயை நம்புகிறவனும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அவ்வளவுதான்.

மாட்டுப்பட்டிக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட். அதை உண்டாக்கிய பெல்லாமி துரையை உச்சி மேட்டில் புதைத்திருக்கிறார்கள். பெரிய கருங்கல் கல்லறை. இரண்டு வருஷத்துக்கு முன் அதைப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்துக் கம்பி வேலி போட்டார்கள். அதற்குக் கீழே எங்கள் ஆட்களின் இடுகாடு. நாற்பத்திரண்டு குழி. கடைசிக் குழி என் பெண்டாட்டி சாந்தம்மாளுடையது. பனி பட்டாலே அவளுக்கு இருமல் வரும். அந்த இருமல்தான் அவளைக் கொண்டுபோனது. அவளுக்குப் பிறகு அங்கே யாரையும் புதைக்கக் கூடாது என்று தடை வந்துவிட்டது.

துரைக்கு வேலி. எங்கள் ஆட்களுக்கு ஜேசிபி. கார் நிறுத்த இடம் வேண்டுமாம், இடுகாட்டை மட்டப்படுத்தப் போகிறார்களாம். புதன்கிழமை காலையில் வேலை ஆரம்பம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வெள்ளைப் பெயிண்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். சாந்தம்மாள் தலைமாட்டில் வெறும் கல்தான் நிற்கிறது. பேர் இருந்தால் ஜேசிபிக்காரன் கொஞ்சமாவது யோசிப்பான் இல்லையா?

"யப்பா, மஞ்சு எறங்கிருச்சு. காலையில போவலாம்ல?" என்றாள் மகள் சித்ரா.

"காலையில ஒங்கம்மா இருக்க மாட்டா."

"நீங்க எழுதுற எழுத்தப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஜேசிபிக்காரனுக்கு மத்தியானம் ஆயிரும்."

சிரித்தாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. டார்ச்சைக் கையில் திணித்தாள்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். காலையில் எஸ்டேட்டில் பேர் சொல்லி ஆள் கணக்கெடுப்பதைப் பெரட்டு என்போம். பெல்லாமி துரை சாயங்காலமும் பெரட்டு எடுப்பாராம், அந்த உச்சி மேட்டில் நின்று. ஆள் மலை இறங்கி ஓடிவிடக் கூடாதே! ஒருவன் பதில் சொல்லாவிட்டால் மற்ற எல்லோரும் நிற்க வேண்டும். மழையானாலும் பனியானாலும். துரை போன பிறகும் கங்காணிகள் அந்த வழக்கத்தை விடவில்லை. நானும் சாந்தம்மாளும் அப்படி எத்தனையோ நாள் நின்றிருக்கிறோம்.

5.25க்கு இடுகாட்டை அடைந்தேன். பனியில் மூன்று முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கூடவே வந்த நாய் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. கூப்பிட்டேன். வரவில்லை.

'சா' எழுதி முடித்தேன். பெயிண்டு ஒழுகியது. துண்டால் துடைத்தேன். மணி 5.42.

டங்... டங்...

பெரட்டு மணி. அந்த மணியைக் கழற்றிக்கொண்டு போய் இருபது வருஷம் ஆகிறது.

சுருட்டு வாசம் வந்தது. மேலே, கல்லறைப் பக்கம், கருங்கல்லில் ஒரு தடி தட்டியது.

டக்...

"சுவக்கீன்."

தமிழ்தான். ஆனால் வெள்ளைக்கார நாக்கு.

எனக்கு இடதுபக்கம், தரையோடு தரையாக ஒரு குரல். "இருக்கேன் தொரை."

டக்...

"நஞ்சப்பன்."

"இருக்கேன் தொரை."

நஞ்சப்பன் பாடைக்கு நான் தோள் கொடுத்திருக்கிறேன்.

காலை எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு பேராக வந்துகொண்டே இருந்தது. விரலை மடக்கி மடக்கி எண்ணினேன். நாற்பத்தொன்று.

டக்...

"சாந்தம்மாள்."

என் காலடியில்... "இருக்கேன் தொரை."

பிரஷ் கையிலிருந்து விழுந்தது.

டக்...

"பெரியமுத்து."

என் பேர். வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"பெரியமுத்து."

பனி இன்னும் கனத்தது. யாரும் நகரவில்லை. அப்போது இருமல் கேட்டது. அவள் இருமல். அடக்கி அடக்கி இருமுகிறாள். நான் பதில் சொல்லும்வரை அவளும் நிற்க வேண்டும்... அந்தப் பனியில்...

"பெரியமுத்து."

"இருக்கேன் தொரை," என்றேன்.

இருமல் நின்றது.

"கணக்கு சரி."

கடிகாரத்தைப் பார்த்தேன்.

5.42.

மறுநாள் காலை 9.10க்கு மேலே போனேன். ஜேசிபி வரவில்லை. துரை கல்லறைப் பக்கம் தொல்லியல் துறை ஆபீசர் ரிஜோ மட்டும் ஒரு காகிதத்தோடு நின்றிருந்தார்.

"பெரியவரே, இனி இடிக்க மாட்டாங்க. துரை கல்லறையோட சேந்து இந்த எடமும் சின்னமாச்சு. மூணு மாசம் முன்னாடி சர்வே எடுத்து, எஸ்டேட் புக்கு பாத்து பேரெல்லாம் எழுதி அனுப்பினதாக்கும்."

எனக்கு அழுகை வந்தது. பேர்களை வாசிக்கச் சொன்னேன்.

சுவக்கீன். நஞ்சப்பன்... அதே வரிசை. ஒரு பேர்கூட மாறவில்லை. சாந்தம்மாள் நாற்பத்திரண்டு. அவர் நிறுத்தவில்லை.

"நாப்பத்திமூணு, பெரியமுத்து."

"அது நாந்தான் சார். உசுரோட நிக்கேன்ல?"

ரிஜோ சிரித்தார். "வேற பெரியமுத்தா இருக்கும். குழி எண்ணித்தானே எழுதினது."

எண்ணிக் காட்டுகிறேன் என்று கீழே இடுகாட்டுக்கு இறங்கினார். நான் போகவில்லை. சாந்தம்மாள் கல்லுக்கு அந்தப் பக்கம் போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"நாப்பத்திமூணு. கணக்கு சரி."

எவனாவது எழுத்தில் தப்புப் பண்ணியிருப்பான். இவருக்கும் எண்ணத் தெரிந்திருக்காது. காகிதத்தை நம்பி நான் என்றைக்கும் வாழ்ந்ததில்லை. துண்டை உதறித் தோளில் போட்டேன். நாயைக் கூட்டிக்கொண்டு மலை இறங்கினேன். நான் எண்ணவும் இல்லை, நம்பவும் இல்லை.