ஒட்டடைக்குச்சியின் வில்லை

பள்ளிக்கூடத்துப் பாரம்பரியச் சுற்றுலாவுக்குத் துணையாக வரப் பெற்றோர் தேவை என்று சீட்டு வந்தது. மோட்டார் பழுது பார்க்கும் அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

“பெத்தவங்க கூட்டத்துக்கே தலைகாட்டாத ஆளு, இதுக்கு மட்டும் சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு கிளம்பறீங்களே?” என்றாள் மனைவி.

“பிள்ளைங்க மெஷின் பக்கத்துல நிக்கும். ஆள் வேணும்.”

அதில் பொய்யில்லை. போகிற இடம் மூடிப்போன நூல் ஆலை, இப்போது அருங்காட்சியகம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் அங்கே ஃபிட்டர். கூட வேலை செய்தவன் ஒருத்தன் அங்கே செத்தான். அந்தக் கூரைக்குக் கீழே மகளைத் தனியாக நிற்கவிட அவருக்கு மனமில்லை.

பதினோரு பிள்ளைகள் அவர் பொறுப்பில். முன்பெல்லாம் காட்டுக் கத்தல் கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காத கூடம் அது. இன்றைக்குச் செருப்புச் சத்தம் கேட்டது. அதுதான் அவருக்கு ஆகவில்லை.

சுற்றிக்காட்டும் பெண் ஒரு சுவிட்சுக்கு முன்னால் நின்றாள். மேலே ஒரு கொக்கி.

“மெஷினுக்குள்ள இறங்கறவர் தன் பேர் போட்ட தகர வில்லையை இதுல மாட்டணும். மாட்டினவரே வந்து எடுக்கிற வரைக்கும் யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது. ஒருத்தர் வில்லையை எடுத்துட்டு, மறந்துபோய்த் திரும்ப உள்ளே போயிட்டார். அவசரக்காரர். உயிரே போச்சு.”

“மிஸ், இவனும் அப்படித்தான், மண்டையைக்கூட மறந்துட்டு வருவான்!” என்று ஒரு வால் கத்த, கூடமே சிரித்தது.

அவருக்கு மட்டும் ஒட்டடைக்குச்சியின் முகம் வந்து நின்றது. நெட்டையன் என்பதால் அந்தப் பெயர். வில்லையைக் கொக்கியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். இவர் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சுவிட்சைத் தட்டிவிடுவார். அன்றைக்கும் அப்படித்தான் தட்டினார். விசாரணையில் அந்த வில்லை செத்தவன் சட்டைப்பையில் கிடைத்தது. அதை அங்கே போட்டது இவர் கை.

அதற்கப்புறம் வீட்டு மிக்ஸியைக்கூட அவர் உள்ளே எட்டிப் பார்க்காமல் போட்டதில்லை.

“யாரு ஓட்டிப் பாக்கறீங்க?” என்றாள் அந்தப் பெண். முதலில் ஓடியது அவர் மகள். விரல் பட்டனில்.

“கையை எடு!” என்று கத்தினார் அவர்.

அதற்குள் தரையில் மண்டியிட்டு, மெஷினுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள்.

“அப்பா, எழுந்திரிங்க. மானம் போகுது,” என்றாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு.

“அவன் அவசரக்காரன் இல்லம்மா.”

“யாரு சார்?” என்றாள் சுற்றிக்காட்டும் பெண்.

“நீங்க சொன்ன ஆளு. அவன் வெளியவே வரல. வில்லையை எடுத்தது நான். சுவிட்சைப் போட்டதும் நான்.”

சிரிப்பு நின்றது. டீச்சர் மற்றப் பிள்ளைகளை அடுத்த கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். மகள் மட்டும் அசையவில்லை.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

தலையாட்டினார், இல்லை என்று.

“அந்த மாமா வீட்டுல?”

அதற்கும் அதே தலையாட்டல்.

பட்டனில் வைத்த விரலை அவள் பாவாடையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். “நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“நானே சொல்றேன்,” என்றார். எழுந்திருக்கத்தான் முடியவில்லை.