ஒரு பை புளி தூரம்

கோர்வையாக எழுத எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறெங்கோ போய்விடுவேன். பெயர்கள் மறந்துபோகும், ஸ்டேஷன்கள் முன்னே பின்னே வரும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன மாதம் மருமகளோடு ரயிலில் போனேன். பெட்டி முழுக்க எல்லோரும் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். எங்கள் பெரியம்மா மட்டும் இருந்திருந்தால் இத்தனை கைகளையும் சும்மா விட்டிருக்க மாட்டாரே என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் இதை எழுதுகிறேன்.

பெரியம்மா என்றால் என் அப்பாவின் அண்ணன் மனைவி. பொம்மிடி ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் வீடு. பெரியப்பா, அப்பா, அவர்களுடைய தங்கையான என் அத்தை, எல்லோருக்கும் ஒரே அடுப்பு. அந்த அடுப்புக்கு அதிகாரி பெரியம்மா. அவர் சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாவு வீட்டுக்குப் போனாலும் முறத்தை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். ஒப்பாரி ஒருபக்கம் நடக்கும், மறுநாள் சமையலுக்கான அரிசியில் கல் பொறுக்குவது ஒருபக்கம் நடக்கும். இரண்டிலும் குறை இருக்காது.

ரயில் பயணம் என்றால் அவருக்குத் திருவிழா. வீட்டில் ஆயிரம் வேலை குறுக்கே வரும், ரயிலில் யாரும் கூப்பிட மாட்டார்கள். "ரயிலு ஓடுறதால காலுக்குத்தான் லீவு, கைக்கு யாரு குடுத்தாங்க?" என்பார். அதனால் எந்த ஊருக்குப் போவதென்றாலும் அந்தத் தூரத்துக்குச் சரியான வேலையை எடுத்து வைத்துக்கொள்வார். மொரப்பூர் என்றால் ஒரு கட்டு முருங்கைக்கீரை உருவுகிற தூரம். சேலம் என்றால் இரண்டு படி மொச்சை உரிக்கிற தூரம். காட்பாடி என்றால் ஒரு பை புளி.

காட்பாடி அவருக்குப் பிறந்த ஊர். வருடாவருடம் புளி உலுக்கி முடிந்ததும் போவார். ஓடு உடைத்த புளியை ஒரு காக்கிப் பையில் கழுத்து வரை நிரப்பிக்கொள்வார். பொம்மிடியில் ரயில் நகர்ந்ததும் நார் உரித்துக் கொட்டை எடுக்கத் தொடங்கினால், கடைசிப் புளியும் காட்பாடியும் ஒன்றாக வந்து சேரும். அவருக்கு எழுத்துத் தெரியாது. போர்டைப் பார்த்து அவர் இறங்கியதே கிடையாது. பை காலியானால் இறங்குவார். ஒருமுறைகூடத் தப்பவில்லை.

பெரியப்பா எழுதப் படிக்கத் தெரிந்தவர். ஆனால் ரயில் ஏறியதும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார். ஒருமுறை தனியாகக் காட்பாடிக்குப் போனவர் கண் விழித்தபோது மெட்ராஸ் வந்திருந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் படிப்புக்கு மரியாதை குறைந்துபோயிற்று. வழியைப் பொறுத்தவரை பெரியம்மாவின் பை சொன்னதுதான் சட்டம்.

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது அத்தைக்கு ஒரு வரன் வந்தது. அத்தை எட்டாவது வரை படித்தவர். எங்கள் வீட்டுப் பெண்களில் அவ்வளவு படித்தவர் அவர்தான். ஜாதகம் பொருந்தாமல் இரண்டு இடம் தட்டிப்போய், பெரியப்பாவுக்குத் தூக்கம் கெட்டிருந்த சமயம் (ரயிலில் மட்டும் கெடவில்லை). பெரியம்மாவின் தம்பி காட்பாடியிலிருந்து இந்த வரனைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்கு வேலூரில் ஆபீஸ் உத்தியோகம். வீட்டுக்குள்ளேயே குழாய். கூரையில் மின்சார விசிறி. முதல் சம்சாரம் தவறிப்போய் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். "பெத்து வளத்துற செரமம் இல்ல, ஆளான புள்ளைங்க" என்று பெரியம்மா அதையும் வரவில்தான் வைத்தார். அவர் மனசாரச் சொன்னது அது. நல்ல இடம் என்றே நம்பினார்.

எனக்கு அந்த விசிறிமேல்தான் கண். கூரையில் தொங்குகிற ஒன்று, ஆள் இல்லாமல் தானாகச் சுற்றுமாம். அத்தை அந்த வீட்டுக்குப் போனால் கோடை லீவு முழுக்க அதன் கீழே படுத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். அத்தையிடம் யாரும் எதுவும் கேட்டதாக ஞாபகம் இல்லை. நான் மட்டும் கேட்டேன், விசிறியை நான் ஒருதரம் போடலாமா என்று. அத்தை சீப்பை எடுத்து எனக்குத் தலை வாரிவிட்டார். வழக்கத்தைவிட இறுக்கமாகப் பின்னினார் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மாப்பிள்ளையால் இவ்வளவு தூரம் வர லீவு இல்லை. பெண்ணைக் காட்பாடிக்கே கூட்டி வாருங்கள், தம்பி வீட்டில் வைத்துப் பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். நாள் புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் வந்துவிடும், அதற்குள் பார்த்து முடித்துவிட வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா நேரம் காலத்தில் ரொம்பக் கறாரானவர் என்றும், இது தவறினால் அவர்களுக்குக் கையில் இன்னொரு பெண் இருக்கிறது என்றும் தம்பி எழுதியிருந்தார்.

பெரியப்பா, பெரியம்மா, அத்தை, மூன்று பேர் கிளம்புவதாக இருந்தது. மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது அல்லவா? அதனால் நாலாவதாக என்னைச் சேர்த்தார்கள். ஆக, நான் போனது எண்ணிக்கைக்கு.

விடியற்காலைப் பாசஞ்சருக்குக் கிளம்பும்போது பெரியம்மா இடுப்பில் காக்கிப் பை. பெண் காட்டப் போகிற இடத்துக்குமா இது என்று பெரியப்பா முனகினார். அவர் தூங்குகிற நேரத்தில் நாலு கிலோ புளி சுத்தமாகும், தம்பி வீட்டுக்கும் ஆகும் என்று பெரியம்மா வாயை அடைத்துவிட்டார். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். அத்தை புளியைத் தொடக்கூடாது. காப்பித் தட்டு நீட்டுகிற கை பிசுபிசு என்று இருக்கலாமா? அத்தையின் வேலை பையைப் பார்த்துக்கொள்வது, கேட்கும்போது ஒரு காகிதத்தில் வாரிக் கொடுப்பது, அவ்வளவுதான்.

பெட்டியில் ஏறியதும் பெரியப்பாவின் முகத்தில் துண்டு விழுந்தது. பெரியம்மா மடியில் பழைய வேட்டியை விரித்தார். கரித்தூள் புளியில் விழாமல் இருக்க முந்தானையால் ஒரு பந்தல். அத்தை ஜன்னலோரம், காலடியில் பை. நான் எதிரே. மொரப்பூர் தாண்டும்வரை எல்லாம் வழக்கப்படி நடந்தது.

சாமல்பட்டியில் நாலைந்து பெண்கள் ஏறினார்கள். எல்லாம் புளிக்காட்டுப் பக்கத்து ஆட்கள். அந்த மாதத்தில் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் புளியைப் பார்த்தால் விரல் சும்மா இருக்காது. அவர்கள் கண் பெரியம்மாவின் மடியிலேயே இருந்தது. அப்போது அத்தை, கடைக்குப் போனால்கூட வாய் திறந்து சாமான் கேட்கக் கூச்சப்படுகிற அத்தை, ஒரு காகிதம் நிறையப் புளியை வாரி எதிரே இருந்தவரிடம் நீட்டினார்.

"கை சும்மாத்தானுங்கக்கா இருக்குது?"

"அதானே கண்ணு, குடு" என்று வாங்கிக்கொண்டார் அவர்.

அதன்பிறகு கேட்க வேண்டுமா? அடுத்தவருக்கு ஒரு காகிதம், அதற்கடுத்தவருக்கு ஒரு காகிதம். திருப்பத்தூரில் ஏறிய தலைப்பாகைக்காரப் பெரியவர் தானாகவே கை நீட்டினார். வாணியம்பாடியில் ஏறிய பீடி சுற்றுகிற பெண் ஒருவர், மற்றவர்கள் ஒன்று உரிப்பதற்குள் மூன்று உரித்தார். பெரியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு ஒரு பெட்டி நிறைய ஆள் கிடைத்திருக்கிறது. தன் மடிப் புளியைக் கீழே வைத்துவிட்டு மேற்பார்வைக்கு எழுந்துவிட்டார்.

"பெரியவரே, நாரு அப்பிடியே இருக்குது பாருங்க. வூட்ல இப்பிடித்தான் உரிப்பீங்களா?"

"எங்கூட்ல நான் தின்றதோட சரிம்மா, உரிக்கிறது அவ" என்றார் பெரியவர்.

பெட்டியே சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்காமல் காகிதம் காகிதமாக வாரிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இவ்வளவு சுறுசுறுப்பாக அத்தை வேலை செய்து நான் பார்த்ததில்லை.

ஆம்பூரில் அந்தப் பெண்களும் பீடி சுற்றுகிறவரும் இறங்கிப் போனார்கள். ரயில் மறுபடி நகர்ந்து, கொஞ்ச நேரத்தில் வேகம் குறைந்தது. அத்தை பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். நாலு கொட்டையும் கொஞ்சம் தூசும் விழுந்தன.

பெரியம்மா பையைப் பார்த்தார். உடனே சேலையை உதறிக் கொண்டையை இறுக்கினார். வெளியே ஒரு சின்ன ஸ்டேஷன் வந்து நின்றது. என்ன இருந்தாலும் பெண் காட்டப் போகிற காரியம் அல்லவா, அன்றைக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்து கேட்டார்.

"ஏம்மா, போர்டுல என்னா போட்டிருக்குது பாரு."

அத்தை ஜன்னல் வழியாகப் போர்டைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். போர்டு அவருக்கு நேர் எதிரே இருந்தது.

"பை காலியாயிடுச்சே அண்ணி" என்றார்.

அதுதானே சட்டம். பெரியம்மா பெரியப்பாவைத் தட்டி எழுப்பி, உரித்த புளியை வேட்டியில் கட்டிய மூட்டையை அவர் தலையில் வைத்து, வாசலுக்குத் தள்ளினார். நான் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். ப, ச், ச, கு. "அத்தே, பச்சகுப்பம்னு போட்டிருக்குது" என்றேன். அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "படிச்சிக்கிட்டு நின்னா ரயிலு போயிடும், எறங்கு" என்றார்.

ரயில் நகர்ந்தது. தலைப்பாகைக்காரர் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கையை ஆட்டி ஏதோ கத்தினார். வழியனுப்புகிறார் என்று நினைத்துப் பெரியம்மாவும் கையை ஆட்டினார்.

பிறகு நாலு பக்கமும் பார்த்தார். தம்பியைக் காணோம். தம்பி நிற்க வேண்டிய இடத்தில் ஓர் ஆடு நின்றது. பெரியப்பா தூக்கம் தெளிந்து, மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, போர்டைப் பார்த்தார்.

"இது எந்த ஊருடி?"

"காட்பாடி."

"காட்பாடிய எப்போ இவ்ளோ சின்னதா பண்ணாங்க?"

கொடி பிடித்திருந்த ரயில்வேக்காரர் வந்து விவரம் சொன்னார். காட்பாடிக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். இங்கே நிற்கிற அடுத்த வண்டி சாயங்காலம்தான், பஸ்ஸும் மத்தியானத்துக்கு மேல்தான். அப்போது மணி பத்து. பெரியம்மா காலிப் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். உள்ளே கொஞ்சமாவது புளி இருந்தால் கணக்கு சரியாகிவிடும் என்பதுபோல. பிறகுதான் அந்த ஆறு ஜோடிக் கைகள் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "ரெண்டு கைக்குத்தானே அந்த அளவு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பெரியப்பா கத்தவில்லை. "ஒரு பொண்ணு வாழ்க்கைய ஒரு பை புளிய நம்பி விட்டனே" என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் பெரியம்மாவுக்குக் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

நான் விசிறிக்காக அழுதேன். பெரியம்மா அத்தைக்காக அழுதார். அழ வேண்டிய அத்தை குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்து, கட்டுச்சோற்று மூட்டையைப் பிரித்தார். ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாதவர், தன் பங்கைத் தின்றுவிட்டு என் பங்கிலும் கை வைத்தார். அதற்கும் சேர்த்து அழுதேன்.

மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டு வரை பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம். பெண் பார்க்கவே நேரத்துக்கு வராத வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று தம்பி மூலம் தகவல் வந்தது. ஊரில் பெரியம்மாவுக்குக் கேலி தாங்கவில்லை. யாராவது வெளியூர் கிளம்பினால், எத்தனை கிலோ தூரம் என்று அவரிடம் கேட்பார்கள். அவர் அதற்குப்பிறகு ரயிலில் ஒரு வேலையும் எடுத்துப் போனதில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆட்களைக் கேட்டுக்கொண்டு போவார்.

அடுத்த வருடம் அத்தையைக் கம்பைநல்லூரில் கொடுத்தார்கள். கொஞ்சம் நிலமும் நாலு மாடும் உள்ள, சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற மாமா. அந்த வீட்டில் விசிறி இல்லை, கரண்டே இல்லை. அத்தையை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. அத்தையோ அங்கிருந்து ஒவ்வொரு பங்குனிக்கும் ஒரு கூடைப் புளி அனுப்புவார். ஒரு நார் இருக்காது, ஒரு கொட்டை இருக்காது. மாமா வீட்டு ஆட்களையும் தொட விடாமல் அவரே உட்கார்ந்து உரிப்பாராம். பெரியம்மா அந்தக் கூடையைத் திறக்கும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்வார். "பெரிய எடத்துக்குப் போயிருக்க வேண்டியவ, என்னால கெட்டா. எனக்கே அனுப்புது பாரு" என்பார். சாகிறவரை அப்படித்தான் சொன்னார்.

எனக்கு அந்த வயதில் தோன்றியதெல்லாம் ஒன்றுதான். எட்டாவது படித்தும் அத்தைக்கு ஒரு போர்டு படிக்கத் தெரியவில்லையே, நான்காவது படிக்கிற நானே படித்துவிட்டேனே என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்தபோது, யாரும் என்னைக் கேட்காமலே நாள் குறித்த அன்றைக்குத்தான், அந்த ரயிலை மறுபடி நினைத்துப் பார்த்தேன்.

சாமல்பட்டி முந்தியா தொட்டம்பட்டி முந்தியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அந்த வழியில் போகிறவர்கள் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் யாராவது சரிபார்க்க வேண்டும். அத்தை கம்பைநல்லூரில்தான் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறது, காது நன்றாகக் கேட்கிறது. அன்றைக்குப் போர்டைப் படித்தாரா, இல்லையா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். இத்தனை வருடத்தில் எத்தனையோ தடவை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குக் கேட்க வாய் வரவில்லை. நான் கேட்கச் சொன்னதாக மட்டும் சொல்லிவிட வேண்டாம்.