மனு எழுதக் கற்றுக்கொடுத்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு நாளில் உங்கள் கையில் தரும் இந்த மலரில், "எல்லாரிடமும் அன்பாக இருந்தார், எல்லாரும் அவர்மேல் அன்பாக இருந்தார்கள்" என்று எழுதினால் போதும் என்றார்கள் உறவினர்கள். முதல் பாதி உண்மை. மற்றதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அக்கா மல்லாங்கிணற்றில் பிறந்தார். அப்பா மானாவாரியில் பருத்தி போட்டவர். மழை பொய்த்த வருடங்களில் தீப்பெட்டி ஒட்டித்தான் அக்கா படித்தார். சிவகாசிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் ஆனார். கூடவே ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியடு வாழ்வியலும் குடிமைப் பண்பும் நடத்தினார். பரீட்சை இல்லாத பாடம் என்பதால் கணக்கு ஆசிரியர் அந்தப் பீரியடைக் கேட்டுக்கொண்டே இருப்பார். அக்கா ஒருநாளும் கொடுத்ததில்லை.

ஒரு வகுப்பில், உங்கள் தெருவில் மாற வேண்டியது என்ன என்று கேட்டிருக்கிறார். ஒரு மாணவி எழுந்தாள்.

"எங்க வீட்டுல வச்சு வெடிக்குத் திரி சொருகுறோம் டீச்சர். அடுப்பும் அங்கனதான் இருக்கு. பயமா இருக்கு."

யாரிடம் முறையிடுவது, எப்படி எழுதுவது என்று அக்கா கரும்பலகையில் எழுதிக் காட்டினார். வகுப்பே சேர்ந்து கலெக்டருக்கு மனு எழுதியது. அதிகாரிகள் வந்தார்கள். வீடுகளில் இருந்த சரக்கை எடுத்துப் போனார்கள். அதைக் கொடுத்தனுப்பிய பட்டாசுக் கம்பெனிக்கு சீல் வைத்தார்கள்.

அந்தக் கம்பெனி எங்கள் பெரியண்ணனுடையது.

மறுநாளே அண்ணன் அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"பாடம் நடத்தச் சொன்னா, கூடப்பொறந்தவன் பொழப்புல மண்ணள்ளிப் போடுறியா?"

"உங்க சரக்குன்னு தெரியாதுண்ணே" என்றார் அக்கா. "தெரிஞ்சிருந்தாலும் பிள்ளைகளைத் தடுத்திருக்க மாட்டேன்."

பள்ளி நிர்வாகம் மன்னிப்புக் கடிதம் கேட்டது. அக்கா எழுதவில்லை. பீரியடைப் பிடுங்கிக்கொண்டார்கள். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அக்காவுக்கு மட்டும் பத்திரிகை வைக்கவில்லை. நான் போனேன், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இதை வாசிக்கும் உறவினர்களே, நீங்களும் சாப்பிட்டீர்கள்.

அந்த மாணவியின் தாய் முத்தம்மாளும் முதலில் சண்டைக்குத்தான் வந்தார்.

"நீங்க மாசச் சம்பளம் வாங்குறீக டீச்சர். எங்க வீட்டுல உலை வைக்க வேண்டாமா?"

அக்கா காலண்டர் அச்சகங்களாக ஏறி இறங்கி, ஒன்றில் முத்தம்மாளுக்கு பைண்டிங் வேலை வாங்கிக் கொடுத்தார். "செஞ்ச பாவத்தைக் கழுவுறா" என்று அதற்கும் சிரித்தீர்கள்.

பின்னர் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரம் இரண்டு முறை விருதுநகர் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பஸ்ஸில் கூடப் போனவர் முத்தம்மாள். நான் மதுரையில் இருந்தேன். வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். அண்ணனுக்குப் பயந்தேன் என்பதே நிஜம். அக்காவின் உயிர் பிரிந்தபோது பக்கத்தில் இருந்தவரும் முத்தம்மாள்தான்.

இறுதிச் சடங்கில் அண்ணன் வாசலில் நின்று துக்கம் கேட்டவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார். பள்ளி நிர்வாகம் பெரிய மாலை அனுப்பியது. முத்தம்மாள் தெருவில் நின்றார். யாரும் உள்ளே கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இந்த மலருக்கு அண்ணன் 'தியாகச் சுடர்' என்று ஒரு கட்டுரை கொடுத்தார். கூடவே, "அந்த மனு கதையை எடுத்துரு தாயி, குடும்ப மானம் போயிரும்" என்றார். மனு இருக்கிறது. அவர் கட்டுரைதான் இல்லை.

அக்காவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கு நன்றி. மனுவில் கையெழுத்திட்ட மாணவ மாணவியருக்கு நன்றி. முத்தம்மாளுக்கு நன்றி என்ற சொல் போதாது. இன்றைய நினைவு நாளில் முன் வரிசையின் முதல் நாற்காலி அவருக்கு. அவர் பக்கத்தில் உட்கார மனமில்லாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.